எந்தக் களம்?

மங்களாம்பிகையின் வாயை அடைக்க ஜெயபாரதிக்கு இருபத்தெட்டு நிமிடம் இருந்தது.

ஸ்கூட்டரை முறுக்கினாள். வலங்கைமான் சாலையில் முன்னால் போன நெல் லாரி, மொத்தச் சாலைக்கும் தன் பெயரில் பட்டா வாங்கியதுபோல் நடுவே அசைந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தாள். லாரி விட்டுக்கொடுக்கவில்லை. இடது பக்க மண்ணில் இறங்கி, குலுங்கி, ஒரு சாணி லோடு மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து மேலே ஏறினாள். லாரி கிளீனர் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்டினான். காதில் விழவில்லை. காதில் போன் இருந்தது. அது ஏழாவது முறையாக, நீங்கள் அழைக்கும் நபர் எடுக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எடுக்க மாட்டாள். மங்களாம்பிகை இப்போது வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள்.

காலை ஒன்பதரைக்கு அவளேதான் கூப்பிட்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருத்தர் பதினோரு மணிக்கு ஊருக்கு வருகிறாராம், வழி கேட்டு போன் செய்தாராம். சரி, வரட்டும், கேட்பதற்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள் ஜெயபாரதி. அப்போதுதான் மங்களாம்பிகை அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீங்க கவலையே படாதீங்க வக்கீலம்மா. சிமெண்டை யாரும் காட்டிடக் கூடாதுன்னு ஊர் பூரா நான் சொல்லி வச்சிடறேன்."

"என்ன சிமெண்ட்?"

"அதான், புதுசா கட்டியிருக்காங்கல்ல, நெல்லு காய வைக்கிற களம். போர்டுகூட எழுதி வச்சிருக்காங்க."

ஜெயபாரதி கோர்ட்டுக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றி ஸ்கூட்டர் பெட்டிக்குள் திணித்தாள். அன்றைய இரண்டு வாய்தாக்களைப் பக்கத்து மேஜை வக்கீலின் தலையில் கட்டினாள். கிளம்பிவிட்டாள்.

கும்பகோணத்தில் பதினோரு வருடமாக விபத்து வழக்கு மட்டுமே நடத்துகிறவள் அவள். கால் போனவர், கை போனவர், கணவனைப் பறிகொடுத்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. ஒரே ஒரு வார்த்தையால் தோற்கப்போகிற வழக்கை இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த வார்த்தை, களம்.

நடந்தது இதுதான். தை மாதக் கடைசியில், தாழைநல்லூரைத் தொட்டுக்கொண்டு போகும் தார்ச்சாலையில் மங்களாம்பிகையின் கணவர் நடராசன் சம்பா நெல்லைக் காயப் போட்டிருந்தார். குத்தகை நிலத்து நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதல் என்று திருப்பிவிட்டார்கள். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது வளைவில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. எதிரே பஸ். கார் இடது பக்கம் ஒதுங்கியது, நெல்மேல் ஏறியது, பிரேக் போட்டதும் சறுக்கியது. நடராசனின் வலது முட்டி போனது.

காரை ஓட்டி வந்தவர் பாகீரதி. திருவிடைமருதூர்க்காரர், ஐம்பத்து நாலு வயது, தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர். ஓடிப்போகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களைக் கூட்டி, நடராசனைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் காரை நிறுத்தப் போயிருந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் வினை வந்தது. எங்கே அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். வலியில் முனகிக்கொண்டே நடராசன் பதில் சொன்னார்.

"களத்துலங்க."

டாக்டர் வெளியூர்க்காரர். விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்: 'களத்தில் அடிபட்டதாகச் சொல்கிறார்.'

தாழைநல்லூரில் அந்தத் தார்ச்சாலைக்குப் பெயர்தான் களம். சாலை போட்ட வருடத்திலிருந்து அதில்தான் நெல் காய்கிறது. பஸ் ஏறப் போகிறவர்கூட 'களத்துல நிக்கிறேன், பஸ் வருது' என்றுதான் போனில் சொல்லுவார். இது தாழைநல்லூருக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

கம்பெனியின் பதில் மனு மூன்று பக்கம். காயம்பட்டவர் சாலையிலேயே இல்லை, களத்தில் இருந்திருக்கிறார். அறுவடை மெஷினில் அடிபட்டுவிட்டு, பிறகு யோசித்து ஒரு காரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் போலீசில் புகார் கொடுக்க ஏன் பதினோரு நாள்? கார் ஓட்டியவர் இடித்ததாக உடனே ஒத்துக்கொள்வது ஏன்? இருவரும் கூட்டு.

பதினோரு நாளுக்கு நடராசனிடம் காரணம் இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அம்மா மேலேயே எப்படிப் புகார் கொடுப்பது என்று பேசாமல் படுத்திருந்தார். அந்தக் காரணத்தைக் கோர்ட்டில் சொன்னால் கூட்டு என்பது இன்னும் உறுதியாகும்.

அதைவிட மோசம், அவர் ஜெயபாரதியிடம் வந்த நாள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊன்றுகோலுடன் படியேறி வந்தபோது கெடு முடியப் பதினேழு நாள்தான் மிச்சம். எல்லோரும் இப்படித்தான். சொந்தக்காரர் சொல்வதை எல்லாம் கேட்டு, நீட்டின காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு, மருந்துச் சீட்டை எலிக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் வக்கீலைத் தேடுவார்கள். முதல் வாரமே வந்திருந்தால் பதிவேட்டு வார்த்தையைப் பார்த்த அன்றே டாக்டருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று ஜெயபாரதி கொஞ்சம் சூடாகவே சொன்னாள்.

ஆனால் நடராசனிடம் ஒரு விசித்திரம். ஒரு காகிதம் குறையவில்லை. முதல் தகவல் அறிக்கை, ஸ்கேன், காரின் பாலிசி நம்பர் வரை தேதி வரிசையில் இருந்தன. உங்களை யார் இங்கே அனுப்பினார்கள் என்று கேட்டாள்.

"அது மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார் நடராசன். "சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் பிடிக்கிற தரகர் யாராவதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அந்த முட்டிதான் கவலை. மடங்காத முட்டியோடு வயலில் இறங்க முடியாது. மறு ஆபரேஷன் செய்தால் முக்கால்வாசி மடங்கும், ஆனால் வருடம் திரும்புவதற்குள் செய்ய வேண்டும், தள்ளினால் அப்படியே இறுகிவிடும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு வழி இழப்பீடு ஒன்றுதான். இன்று புரட்டாசி பத்து.

தாழைநல்லூர் வளைவு வந்தது.

குறுவை அறுவடை நேரம். சாலையின் இடது பாதி முழுக்க நெல். நடுவில் வாகனம் போக ஒற்றைத் தடம். நெல்லின் ஓரத்தில் கல்லும், பழைய டயரும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் எல்லை காட்டின. ஜெயபாரதி தடத்தில் மெதுவாக ஓட்டினாள். வாய்க்கால் ஓரம் அது தெரிந்தது. புத்தம் புதுச் சிமெண்ட் தளம். நீலப் பெயிண்டில் ஆளுயரப் பலகை: 'நெல் உலர் களம்.' தளத்தின் குறுக்கே வாலிபால் வலை கட்டியிருந்தார்கள். ஒரு நெல்மணிகூட இல்லை.

தெற்குத் தெரு முனையில் மங்களாம்பிகை வந்துகொண்டிருந்தாள். முகத்தில் வேலை முடித்த திருப்தி.

எத்தனை வீடு என்று ஜெயபாரதி கேட்டாள். தெற்குத் தெரு முழுசும், நடுத்தெருவில் பாதியும் என்றாள் மங்களாம்பிகை. ஜெயபாரதி அப்படியே மதகுச் சுவரில் உட்கார்ந்தாள்.

"ஏன் வக்கீலம்மா? உள்ளதைத்தானே சொல்லச் சொன்னேன். ரோடுதான் களம், போர்டு வச்ச அது எங்களுக்கு வெறும் சிமெண்ட். இதுல பொய் எங்க இருக்கு?"

"உள்ளதைச் சொல்லிக் குடுத்தாலும் பொய் மாதிரித்தான்க்கா கேக்கும். இருபது பேர் ஒரே மாதிரி சொன்னா, யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கன்னுதான் அவர் எழுதுவாரு. எழுதிக் குடுத்தது நான்னு சேர்த்து எழுதுவாரு."

ஊன்றுகோலை ஊன்றி நடராசன் வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்ததும் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை பார்த்த பார்வை போலிருக்கிறது, மங்களாம்பிகை அதைச் சட்டை செய்யவில்லை. அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. இருபது வீட்டில் பேசிய தொண்டை.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பைக் வந்தது.

இப்ராஹிம் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கம்பெனிகளுக்கு விசாரித்து எழுதிக்கொடுக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வழுக்கையைக் கைக்குட்டையால் துடைத்தார். வக்கீலை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியமில்லை. நீங்களும் கூட இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார். ஜெயபாரதி சம்மதித்தாள். திறந்து கெடுக்க இனி என்ன இருக்கிறது?

அவர் டைரியைப் பிரிப்பதற்குள் முதல் சாட்சி தானாகவே வந்தார். தெற்குத் தெருப் பால்காரர். சைக்கிளை நிறுத்தி, வேட்டியை இறக்கிவிட்டு, கைகட்டி நின்றார்.

"ரோடுதாங்க களம். சிமெண்ட் களமே இல்லீங்க."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார் இப்ராஹிம்.

பால்காரர் மங்களாம்பிகையைப் பார்த்தார். மங்களாம்பிகை வாய்க்காலைப் பார்த்தாள்.

அடுத்து ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்து, குடத்தை இறக்காமலே, ரோடுதாங்க களம், சிமெண்ட் களமே இல்லீங்க என்றாள். மூன்றாவது ஆள் தூரத்தில் வரும்போதே உதடு அசைந்துகொண்டிருந்தது. பாதியில் மறந்துபோய், சிமெண்ட்தான் ரோடு என்று முடித்தார்.

இப்ராஹிம் டைரியை மூடினார். யாரையும் கோபிக்கவில்லை. நல்லா மனப்பாடம் பண்ணியிருக்காங்க என்று மட்டும் சொன்னார். அவர் இப்படியே பைக்கில் ஏறிவிட்டால் நடராசனின் முட்டி இந்த ஜென்மத்துக்கு மடங்காது.

அவர் ஏறவில்லை. நடராசன் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல உங்களுக்கு ஆகாதவங்க யாரு?"

நடராசன் தயங்கினார். மங்களாம்பிகை தயங்கவில்லை.

"அம்சவல்லி."

"அவங்க வீட்டுக்கு இன்னிக்குப் போனீங்களா?"

"அவ வாசப்படியை நான் மிதிச்சு மூணு வருஷமாச்சு சார். இன்னிக்கு மட்டும் எதுக்கு மிதிக்கப்போறேன்?"

"அப்ப அங்கதான் போகணும்" என்றார் இப்ராஹிம்.

அம்சவல்லி வீட்டில் இல்லை. மதகுக்கு இந்தப் பக்கம், சாலையில் தன் நெல்லில் நின்று, தலையில் துண்டோடு பலகையால் இழுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்களை இருபதடி தள்ளியே நிற்கச் சொல்லிவிட்டு இப்ராஹிம் தனியாகப் போனார். இருபதடி தள்ளி நின்றாலும் போதும், அம்சவல்லியின் குரல் வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்றுப் பறிப்பவர்களுக்கே கேட்கும்.

அவர் களத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நடராசன் விஷயமாக வந்திருக்கிறேன் என்றார், அவ்வளவுதான்.

"வந்தீங்களா?" அம்சவல்லி பலகையைக் கீழே போட்டாள். "மனு குடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

தான் போலீஸ் இல்லை, இன்சூரன்ஸிலிருந்து வருகிறவன் என்று இப்ராஹிம் விளக்கினார். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. எதுவாக இருந்தால் என்ன, கையில் நோட்டு வைத்து எழுதிக்கொள்கிற ஆள்தானே என்றாள்.

"எழுதிக்குங்க. களத்துல கிலோமீட்டர் கல்லுலேர்ந்து இந்த மதகு வரைக்கும் எங்களுது. எங்க வீட்டுக்காரரு இருந்த நாள்லேர்ந்து எங்களுது. மதகுக்கு அந்தாண்டதான் அவங்களுது. ஒரு வருஷம் எனக்குக் காய்ச்ச வந்து படுத்துக்கிடந்தேன், அந்த நேரம் பாத்து கல்லு வரைக்கும் அவங்க நெல்லைக் கொட்டிட்டாங்க. கேட்டா ரோடு கவர்மெண்டுதுங்கறா அந்த மங்களம். களத்துல வந்து நின்னுக்கிட்டு ரோடுன்னு பேசறா பாருங்க."

இருபதடி தள்ளி மங்களாம்பிகை ஒரு எட்டு எடுத்து வைத்தாள். ஜெயபாரதி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்ராஹிம் மெதுவாக, அந்த மனுவின் நகல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லாமலா? அம்சவல்லி துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே, போலீஸ் ஸ்டேஷன் முத்திரையோடு மனு ரசீது. நாலாக மடித்த மடிப்பு கிழியாமல் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருநாள் நியாயம் கேட்டு யாராவது வருவார்கள் என்று நம்பிக் காத்தவள்.

இப்ராஹிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தார்.

"தாழைநல்லூர் களத்தில், அதாவது பேருந்து செல்லும் தார்ச்சாலையில், கிலோமீட்டர் கல்லுக்கும் மதகுக்கும் இடையே மனுதாரர் வழக்கமாக நெல் காயவைத்து வரும் இடத்தில், எதிர்மனுதாரர் நடராசன் என்பவர்..."

நிறுத்தினார். முதல் வரியை மறுபடி படித்தார்.

அதாவது.

அந்த ரசீதை எழுதிய போலீஸ்காரரும் வெளியூர்க்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். களத்தில் என்று அம்சவல்லி சொன்னதும் எந்தக் களம் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். பதிலை ஓர் அதாவது போட்டு எழுதியும் வைத்திருக்கிறார். தேதி, விபத்துக்கு ஒரு வருடம் எட்டு மாதம் முந்தியது. இந்த வழக்குக்காக யாரும் ஜோடித்திருக்க முடியாத தேதி.

இப்ராஹிம் ரசீதை இரண்டு பக்கமும் போனில் படமெடுத்துக்கொண்டார். பிறகு வாய்க்கால் ஓரத்தைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"அதுவா, சிமெண்ட்."

"களம்னு போர்டு வச்சிருக்காங்களே."

"போர்டுல ஆயிரம் எழுதுவாங்க. ரெண்டு பக்கமும் வாகை மரம். அந்த நெழல்ல நெல்லு காயுமா, நீங்களே சொல்லுங்க. பசங்க பந்து ஆடறதுக்குச் சரியா இருக்கு."

"நடராசன் மேல கார் இடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? இந்தா, இங்கதான் நின்னாரு. என் எடத்துல. அன்னிக்கும் வந்து என் எடத்துலதான் துழாவிக்கிட்டு இருந்தாரு. அவர் எடத்துல நின்னிருந்தா வெள்ளைக் கார் அவர் மேல ஏறியிருக்காது. நான் அந்தக் கொடிக்காப்புளி மரத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இத்தனை நாளா யார்கிட்டயும் ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டா?"

இப்ராஹிம் நின்ற இடத்திலேயே ஒரு முழுப் பக்கம் எழுதினார். அம்சவல்லி படிக்கச் சொல்லிக் கேட்டு, 'என் எடத்துல' என்பது இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மங்களாம்பிகையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அது எப்படி அவ எடம் ஆகும் என்று பல்லைக் கடித்தாள்.

"இந்தக் கேஸ் முடியற வரைக்கும் அது அவங்க எடமாவே இருக்கட்டும்க்கா" என்றாள் ஜெயபாரதி. முழங்கையை விடவில்லை.

பைக்கில் ஏறும் முன் இப்ராஹிம் ஜெயபாரதியிடம் வந்தார். தான் திண்டுக்கல் பக்கத்துக்காரன், அங்கே களம் என்றால் சாணி மெழுகின கட்டாந்தரைதான், கம்பெனியில் ஃபைலைக் கொடுத்தபோது இது பொய்க் கேஸ் என்றே நினைத்து வந்ததாகச் சொன்னார். பால்காரர் முதல் மூன்று பேர் ஒப்பித்ததையும் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றார்.

"எழுதுங்க சார்" என்றாள் ஜெயபாரதி.

"எழுதுவேன். ஆனா அந்த அதாவதுக்கு முன்னாடி அதெல்லாம் நிக்காதும்மா."

மார்கழிக்கு ஒரு வாரம் முன்னால், கும்பகோணம் கோர்ட் வளாகத்தில் மக்கள் நீதிமன்றம் கூடியது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி அன்றே வழக்கை முடித்துக்கொள்கிற ஏற்பாடு. சந்தை மாதிரிக் கூட்டம். நடராசனும் மங்களாம்பிகையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதே ஆட்டோவின் டிரைவர் பக்கத்திலிருந்து அம்சவல்லியும் இறங்கினாள். தாழைநல்லூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். ஆட்டோக்காரர்தான் பாவம், இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

போஸ்ட்மாஸ்டர் பாகீரதி முன்னதாகவே வந்து வராந்தாவில் நின்றார். வெளிர்நீலப் பருத்திப் புடவை, தோளில் பை. ஜெயபாரதி மரியாதைக்கு வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் வாய்தாவிலும் இப்படித்தான். நான் உங்கள் எதிர்த்தரப்பு, நீங்கள் என்னிடம் பேசுவது முறையாகாது என்று வெட்டிவிட்டார். பிடிவாதக்காரர், வழக்குப் போட்டதில் கோபம் போலிருக்கிறது என்று ஜெயபாரதி ஒதுங்கிக்கொண்டாள்.

கம்பெனி அதிகாரியின் மேஜையில் இப்ராஹிமின் அறிக்கை இருந்தது. அதிகாரி இளைஞர், அறிக்கையை இரண்டு தடவை படித்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. களம், கூட்டு என்ற இரண்டு வார்த்தையையும் அவர் எடுக்கவே இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் நின்றார். பஸ் போகிற சாலையில் நெல்லைக் கொட்டியதும் விபத்துக்கு ஒரு காரணம், அந்தப் பங்கைக் குறைக்க வேண்டும் என்றார். எவ்வளவு குறைக்கலாம் என்று ஜெயபாரதி மல்லுக்கு நிற்கத் தயாரானாள். தீர்ப்புகளின் நகல் ஒரு கட்டே வைத்திருந்தாள்.

"கொறைச்சுக்கட்டும்மா" என்றார் நடராசன். "நெல்லு போட்டது நான்தானே. ஆபரேஷனுக்குப் போக, ஆறு மாசம் உக்காந்து சாப்பிட மிஞ்சுதா, அது போதும்."

மிஞ்சியது. கொஞ்சம் அதிகமாகவே மிஞ்சியது, ஏனென்றால் அவர் பேசி முடித்த பிறகும் ஜெயபாரதி கால் மணி நேரம் பேசினாள். நீதிபதி கேட்டார், எல்லோரும் சம்மதித்தார்கள். நடராசன் கையெழுத்துப் போட்டார். பாகீரதி தன் பேனாவை எடுத்து, போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மங்களாம்பிகை தஞ்சாவூர் டாக்டருக்கு அங்கேயே போன் போட்டாள். மார்கழி ஏழாம் தேதி வந்து சேருங்கள், மறுநாள் ஆபரேஷன் என்றார்கள். அவள் இரண்டு தடவை தேதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு கேண்டீனுக்குப் போய் நாலு டீயும் நாலு போண்டாவும் சொன்னாள். நாலாவது யாருக்கு என்று சொல்லவில்லை. அம்சவல்லியின் முன்னால் கொண்டுபோய்த் தட்டை வைத்துவிட்டு வந்தாள். அம்சவல்லி போண்டாவைப் பிட்டுத் தின்றாள். சட்னி போதவில்லை என்று கேண்டீன்காரரிடம் மட்டும் சத்தம் போட்டாள்.

வேப்ப மரத்தடி பெஞ்சில் நடராசன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. ஜெயபாரதி டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் சரியானதும் உளுந்து விதைப்பதைப் பற்றி அவர் பேசினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வழக்குக்குக் கூப்பிடும் வரை அவளுக்கு நேரம் இருந்தது.

பேச்சுவாக்கில்தான் கேட்டாள். கேஸ் முடிந்துவிட்டது, உத்தரவும் கையெழுத்தாகிவிட்டது. இனிமேலாவது சொல்லலாமே, யார் உங்களை என்னிடம் அனுப்பினது?

நடராசன் டீயைக் கீழே வைத்தார். கோர்ட் வாசலில், ஓரமாக நின்ற வெள்ளைக் காரைத் திறந்துகொண்டிருந்த நீலப் புடவையைப் பார்த்தார். அது வரை எதிர்த்தரப்பாகவே நின்ற பாகீரதி, இப்போது அங்கிருந்தே கையை உயர்த்தி, முட்டி மடங்குவதுபோல் ஜாடை காட்டி, எப்போது என்று கேட்டார். நடராசன் ஏழு விரல் காட்டினார்.

"அவங்கதாம்மா" என்றார். "அன்னிக்குக் கார்ல போறப்பவே சொன்னாங்க, காலைக் கட்டின கையோட ஒரு வக்கீலைப் பாருங்கன்னு. நான்தான் கேக்கலை. மாசாமாசம் போன் பண்ணி என்கூடச் சண்டை. பேப்பரையெல்லாம் ஒண்ணொண்ணா வாங்கி வைக்கச் சொன்னதும் அவங்கதான். வெளியில தெரிஞ்சா கூட்டுன்னு சொல்லிடுவாங்க, வாயைத் தொறக்காதீங்கன்னாங்க. ஆடி மாசம் ஒருநாள் விடிஞ்சதும் விடியாததுமா போன் வந்துது. உங்க பேரைச் சொல்லி, எந்தப் பஸ்ஸுல ஏறணும்னும் சொல்லிட்டு, 'இன்னிக்குள்ள போய் என் மேல கேஸ் போடலைன்னா, அப்புறம் உங்ககிட்ட நான் பேசவே மாட்டேன்'னுட்டாங்க."